மனை இருந்தா ஊர்க்காரன்: உத்திரமேரூர் கல்வெட்டிலிருந்து செங்கல் சூளை வரை

மே மாசம் வந்துட்டா சென்னையில தெருவுக்குத் தெரு ஒரு மினி லாரி நிக்கும். பீரோ, வாஷிங் மெஷின், மடக்கின கட்டில், எல்லாத்துக்கும் மேல ஒரு சின்ன சைக்கிள். பிள்ளைங்களுக்கு முழுப் பரீட்சை முடிஞ்சிருக்கும், ஜூன்ல புது ஸ்கூல். ஆடி பிறந்துட்டா வீடு மாறக்கூடாது, அதனால அதுக்குள்ள பால் காய்ச்சிடணும். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாசம். ஏன் பன்னிரண்டு இல்ல? 1908-ம் வருஷப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யணும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பதினொண்ணு.

இன்னைக்கு எபிசோடு வீடு மாறுறதைப் பத்தித்தான். குறிப்பா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வீடு மாறுறவங்களைப் பத்தி. அவங்களை ஒரு ஊர் எப்போ தன் ஆளா ஏத்துக்குது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாம போகப் போற இடம், காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூர்.

குடத்துக்குள்ள கைவிட்ட பையன்

உத்திரமேரூர்னாலே குடவோலை. 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டின விழாவுல பிரதமரும் இந்த ஊர்ப் பேரைச் சொன்னாரு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துலயே இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நான் போயிருக்கேன். சுவர் முழுக்க எழுத்து. அதுல முக்கியமானது முதலாம் பராந்தக சோழன் காலத்து ரெண்டு கல்வெட்டு, ஏறக்குறைய 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை.

அப்போ இந்த ஊர் ஒரு பிரம்மதேயம். பேரு உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். ஊரை 30 குடும்பா பிரிச்சிருந்தாங்க. குடும்புன்னா இப்போ நாம சொல்ற வார்டு மாதிரி. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டிக் குடத்துல போடுவாங்க. ஊர்ச் சபை முழுக்க, சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடியிருக்கணும். வயசுல மூத்த ஒரு நம்பி குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவாரு. அப்புறம் உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு ஓலையை எடுப்பான். அதை வாங்குற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரிச்சு, உள்ளங்கையில ஏந்தி வாங்கணும். கையில வேற ஓலை ஒளிச்சு வைக்கலன்னு எல்லாரும் பார்க்கணும் இல்லையா? இப்படி 30 பேர். 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

ரொம்ப அழகான ஏற்பாடு, சந்தேகமே இல்ல. ஆனா யாரோட பேரு குடத்துக்குள்ள போகும்? கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும். இன்னைய அளவுல அது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வேதம் தெரிஞ்சிருக்கணும். இதோட இன்னொண்ணு: சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கணும். வாடகை வீட்டுக்காரர் பேரும், அடுத்தவர் மனையில குடிசை போட்டவர் பேரும் அந்தக் குடத்துக்குள்ள போகவே போகாது.

அந்தக் காலத்துல அது இயல்புதானேன்னு கேட்கலாம். நியாயம்தான். நிலத்துல வேர் இருக்கிறவன் கணக்கு காட்டாம ஓடிட மாட்டான்னு ஒரு நம்பிக்கை இருந்திருக்கு. கணக்குக் காட்டாதவங்களும் அவங்க நெருங்கின உறவுக்காரங்களும் அடுத்து வாரியத்துக்கு வர முடியாதுன்னு அதே கல்வெட்டு சொல்லுது. ஆனா அதோட இன்னொரு விளைவு, மனை இருக்கிறவன்தான் ஊர்க்காரன்னு கல்லுல எழுதியாச்சு. ஓலை எடுத்த பையனும் வளர்ந்து 35 வயசு ஆன பிறகு, மனை இருந்தாத்தான் அவன் பேரும் ஓலையில ஏறும்.

வலசை

இனி ஒரு பெரிய தாவல். எண்ணூத்து அறுபது வருஷம் தள்ளி வருவோம்.

வலசைங்கிற சொல்லை இப்போ பறவைங்களுக்குத்தான் சொல்றோம். பழைய அகராதியைப் பாருங்க, எதிரிப் படைக்குப் பயந்து மக்கள் ஊரை விட்டு ஓடுறதுக்கும் வலசைன்னுதான் பேரு. 1780-ல ஹைதர் அலி படை கர்நாடகச் சமவெளியில இறங்கிச்சு. செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல கம்பெனிப் படை தோத்துப்போச்சு. இந்தச் சீமை முழுக்க ஊர்கள் காலியாச்சு. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, மாட்டை ஓட்டிக்கிட்டு ஜனங்க நகர்ந்தாங்க.

செங்கல்பட்டுச் சீமை 1763-லேயே கம்பெனிக்கு ஜாகீரா வந்திருந்துச்சு. 1794-ல கலெக்டரா வந்த லயோனல் பிளேஸ் முன்னாடி இருந்த பிரச்சினை இதுதான்: நிலம் இருக்கு, உழ ஆள் இல்ல. போனவங்களைத் திரும்பக் கொண்டுவரணும், வந்தவங்களை நிலைக்க வைக்கணும். வரலாற்றாளர் யூஜின் இர்ஷிக் இந்தப் பகுதியோட 1795 முதல் 1895 வரைக்குமான நூறு வருஷத்தை ஆராய்ஞ்சு ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. அவரோட வாதம் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுது. 'காலங்காலமா ஒரே இடத்துல இருக்கிற தமிழ்க் கிராமம்'னு நாம நினைக்கிற படம் பெரும்பாலும் அந்த நூறு வருஷத்துல உருவாக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி மக்கள் நிறைய நகர்ந்துகிட்டேதான் இருந்தாங்க.

நகர்ந்தவங்களுக்கு ஊர்ல இருந்த இடம் என்ன? மிராசு முறையில அதுக்குத் தெளிவான பேரு இருந்துச்சு. நில உரிமை மிராசுதாருக்கு. உழுறவர் பாயகாரி. அவர்ல ரெண்டு வகை. ஊர்ல குடியிருந்து பரம்பரையாப் பயிர் வைக்கிறவர் உள்குடி. வெளியூர்ல இருந்து வந்து தவணைக்கு உழுறவர் பரகுடி. தவணை முடிஞ்சா பரகுடிக்கு அந்த நிலத்துல எந்தப் பிடியும் கிடையாது. பதினொரு மாச ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுற நமக்கு இது புதுசா தெரியாது.

இந்த இடத்துல ஒரு சுவாரசியம். உத்திரமேரூர்ல இருந்து கொஞ்ச தூரத்துலதான் வேடந்தாங்கல். பறவைங்களைச் சுடக்கூடாதுன்னு அந்த ஊர்க்காரங்க கம்பெனிகிட்ட கேட்டு ஒரு கௌல் வாங்கினாங்க. கொடுத்தது இதே லயோனல் பிளேஸ்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், அதனால ஊருக்கும் லாபம். வருஷா வருஷம் வந்து குஞ்சு பொரிச்சுப் போற பறவைக்கு அப்படி ஒரு எழுத்து கிடைச்சுது. வருஷா வருஷம் பிள்ளையோட வந்து போற பரகுடிக்கு அப்படி ஒண்ணும் கிடைக்கல.

குடிசைக்கு அடியில இருக்கிற மண்

பரகுடிக்கும் கீழே ஒரு தட்டு இருந்துச்சு. 1891-ல செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்புல இருந்த ட்ரெமன்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களோட நிலைமை பத்தி ஒரு அறிக்கை எழுதினாரு. அதுல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் வீட்டு மனை. தலைமுறை தலைமுறையா ஒரே சேரியில இருக்காங்க, ஆனா குடிசைக்கு அடியில இருக்கிற மண் மிராசுதாருக்குச் சொந்தம்னு உரிமை கோரப்படுது. கூலி கேட்டா, வேற வேலைக்குப் போனா, 'குடிசையைப் பிரிச்சுக்கோ'ன்னு ஒரே ஒரு வார்த்தை போதும். வீட்டை இழந்திடுவோங்கிற பயமே ஆளை வேலையில கட்டி வைக்கிற கயிறு.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல அரசாணை வந்துச்சு. அப்படி ஒதுக்கின நிலம்தான் இன்னைக்கும் நாம செய்தியில கேக்குற பஞ்சமி நிலம். ஆனா குடியிருக்கிற மனைக்கே உரிமைங்கிற பெரிய அடி, 1971-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்புச் சட்டத்துலதான் விழுந்துச்சு. அடுத்தவர் நிலத்துல வீடு கட்டிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம்னு அது சொல்லிச்சு. கல்வெட்டுக்கு அப்புறம் ஆயிரத்து ஐம்பது வருஷம்!

சூளைக்குப் போற பிள்ளைங்க

சரி, இப்போ? இன்னைக்கும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மழைக்காலம் முடிஞ்சதும் குடும்பம் குடும்பமா செங்கல் சூளைக்குக் கிளம்புறாங்க. அதுல இருளர் நிறைய. முதல்ல முன்பணம் வாங்குவாங்க, ஒரு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ. அந்தக் கடன் தீர சூளையில கல் அறுக்கணும். கூலி நாள் கணக்குல இல்ல, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு. அதனால கை கூடினா கல் கூடும். பச்சைக் கல்லைத் திருப்பிப் போட சின்னக் கையும் வந்துடுது. ஜனவரி பிப்ரவரியில பள்ளிக்கூடத்தை விட்டுப் போற பிள்ளை திரும்பி வரும்போது பரீட்சை முடிஞ்சிருக்கும்.

இது கொத்தடிமை முறையா மாறுறதும் நடக்குது. 1976-லேயே சட்டம் அதை ஒழிச்சிருச்சு. ஆனா 2019 ஜூலையில காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்கள்ல மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டாங்க. குழந்தைகளும் அதுல இருந்தாங்க. மீட்க வந்த அதிகாரி கால்ல ஒரு முதியவர் விழுந்த படத்தை நீங்க அப்போ பார்த்திருப்பீங்க.

வழியே இல்லையான்னா, இருக்கு. திருவள்ளூர் சூளைகளுக்கு ஒடிசாவுல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு அங்கேயே ஒடிய மொழியில பாடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பிள்ளை பள்ளியைத் தேடிப் போக முடியலன்னா பள்ளி பிள்ளையைத் தேடி வரலாம்னு காட்டின முயற்சி அது.

சட்டமும் இருக்கு. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5. எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற பிள்ளை வேற அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற உரிமை உண்டு. பழைய பள்ளி டிசியை உடனே கொடுக்கணும், தாமதம் பண்ற தலைமை ஆசிரியர் மேல நடவடிக்கை எடுக்கலாம். டிசி வரலங்கிறதைக் காரணம் காட்டி புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. வயசுச் சான்று இல்லன்னும் திருப்பி அனுப்ப முடியாது, அது பிரிவு 14.

என்னைக் கேட்டா, உத்திரமேரூர் கல்வெட்டுக்கு எதிர்ப்பக்கத்துல நிக்கிற வரி இந்தப் பிரிவு 5. மனை எங்கே, முகவரி எங்கேன்னு கேட்காம, வந்த பிள்ளையை உள்ளே உட்கார வைன்னு சொல்ற வரி. அதைக் கோயில் சுவர்ல யாரும் வெட்டி வைக்கல. அதனால தெரிஞ்சவங்கதான் வாயால சொல்லணும். உங்க அபார்ட்மென்ட் கட்டுற இடத்துல தகரக் கொட்டகைக்குப் பக்கத்துல விளையாடுற பிள்ளைங்களைப் பார்த்திருப்பீங்க. அவங்க அம்மாகிட்ட, 'அக்கா, பக்கத்து ஸ்கூல்ல டிசி இல்லாமலே சேர்ப்பாங்க, சேர்க்கலன்னா சொல்லுங்க, நான் கூட வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

அடுத்த எபிசோடு, உத்திரமேரூர் ஏரி வாரியத்தைப் பத்தி. ஏரியில தூர் எடுக்க அவங்க பணத்துக்கு என்ன பண்ணாங்கன்னு பேசுவோம்.