அம்பத்தூர் எப்போது திரைக்குள் வந்தது? தமிழ்த் திரைப்பட ஆய்வில் ஒரு விடுபடல்

தமிழ் வெகுசனத் திரைப்படம் கல்விப்புல ஆய்வுக்குரிய பொருளாக நிலைபெற்றதில் 1981-க்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டில்தான் சு. தியடோர் பாஸ்கரனின் நூல் வெளிவந்தது. நாடகமும் தொடக்ககாலச் சினிமாவும் தேசிய இயக்கத்துக்கு எப்படிப் பயன்பட்டன என்பதை அது ஆவணங்களைக் கொண்டு நிறுவியது. அதே ஆண்டில் வந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் சிறு நூலில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஒரு கருத்து இருக்கிறது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டின் விலை என்றார் அவர். கோயில், தேர், கூத்து என எல்லாவற்றிலும் நிற்கும் இடம் பிறப்பால் வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில் இது எவ்வளவு பெரிய உடைப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிவத்தம்பி சொன்ன அந்தக் கூரையின்கீழ் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் யார்? எந்த ஊர்க்காரர்கள்? எந்த வேலையை முடித்துவிட்டு வந்தார்கள்? இந்தக் கேள்வியை ஆய்வுலகம் போதிய அளவு பின்தொடரவில்லை என்பதே என் வாதம். சென்னையின் மேற்குப் புறநகர் அதற்குச் சரியான சான்று. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன, டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை அதற்கும் முன்பே அம்பத்தூரில் இருந்தது. ஏரிப் பாசன வயல்களை நம்பியிருந்த ஊர்களின் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். அதே ஆண்டுகளில்தான் எம்.ஜி.ஆர். திரையில் உழைப்பாளி வேடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ‘தொழிலாளி’யும் ‘படகோட்டி’யும் 1964-இல் வந்தன, 1967-இல் ‘விவசாயி’, 1971-இல் ‘ரிக்‌ஷாக்காரன்’. திரையில் தொழிலாளி உருவான காலமும் அம்பத்தூரில் தொழிலாளி உருவான காலமும் ஒன்றே.

எம்.ஜி.ஆரின் இந்த உழைப்பாளிப் படிமத்தைத்தான் எம்.எஸ்.எஸ். பாண்டியன் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் துணையோடு பிரித்துப் பார்த்தார். 1989-இல் கட்டுரையாகத் தொடங்கி 1992-இல் நூலாக விரிந்த அவருடைய ஆய்வு, அடித்தள மக்களின் பொதுப்புத்தியில் எதிர்ப்பும் இணக்கமும் கலந்தே கிடக்கின்றன என்ற கிராம்சியின் எண்ணத்தைக் கருவியாக்கியது. அதன் மிகக் கூர்மையான பகுதி கதைப்பாடல்களைப் பற்றியது. மதுரை வீரன், காத்தவராயன் போன்ற நாட்டார் நாயகர்கள் சாதி எல்லையை மீறுகிறார்கள், அதற்காகக் கொல்லப்படுகிறார்கள், பிறகு தெய்வமாகிறார்கள். எம்.ஜி.ஆர். படங்களின் நாயகனும் மீறுகிறான், ஆனால் வெல்கிறான். வெற்றியோடு கதை முடிவதால் அநீதிக்குக் காரணமான அமைப்பு கேள்வியின்றித் தப்பிவிடுகிறது. தமிழில் திரைப்படம் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையான வாசிப்பு மிகக் குறைவு என்பேன். ஆனாலும் அந்நூலில் மக்கள் படிமத்தில் சிக்கியவர்களாகவே பெரிதும் தென்படுகிறார்கள். அவர்களுக்குத் தெருவோ வீடோ முகவரியோ இல்லை.

இங்கே பிரிட்டனை நினைத்துக்கொள்வது பயன்தரும். பர்மிங்ஹாமில் 1964-இல் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஹோகார்ட்டும், அந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ரேமண்ட் வில்லியம்சும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வகுப்பெடுத்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய கோட்பாடு குறிப்பிட்ட தெருக்களின் வாழ்க்கையிலிருந்து கிளம்பியது. நாம் அந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டோம், தெருவை விட்டுவிட்டோம். விதிவிலக்கு சாரா டிக்கி. நகர்ப்புற ஏழைகளுக்குச் சினிமா என்னவாக இருக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு 1993-இல் நூலாக்கினார். அவருடைய களம் மதுரை. தொண்ணூறுகளில் ‘ரோஜா’ படத்தையொட்டி எழுந்த விவாதம் ஆய்வைத் தேசியம், பாலினம் என்ற பக்கம் திருப்பியது. 2000-க்குப் பின் ‘காதல்’, ‘பருத்திவீரன்’, ‘சுப்பிரமணியபுரம்’ ஆகியவை மதுரையைத் தனி வகைமையாக்க, ஆய்வாளர்கள் அதில் சாதிப் பெருமிதத்தின் தடயங்களைச் சரியாகவே இனம்கண்டார்கள். நகரத்துப் படங்களுக்கு வடசென்னை கிடைத்தது. கிராமமும் இல்லாத நகரமும் இல்லாத மேற்குப் புறநகர் எந்த வகைமைக்குள்ளும் வரவில்லை.

அந்த நிலையை 2012 ஆகஸ்டில் ‘அட்டகத்தி’ மாற்றியது. ஆவடியை அடுத்த கார்லப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித்தின் முதல் படம் அது. வயல்வெளி, பேருந்து நிறுத்தம், காலனி வீடு, கானா பாலாவின் குரல், கல்லூரிக்குப் போகும் பேருந்தில் ‘ரூட் தல’, அதாவது அந்தத் தடத்து மாணவர்களின் தலைவன், ஆகும் கனவு. எதுவும் விளக்கப்படுவதில்லை, அங்கே வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாயகன் தினகரன் காதலைக் கற்றதே சினிமாவில்தான். தான் காதலிக்கும் பூர்ணிமா உண்மையில் விரும்புவது தினகரன் என்ற பெயருள்ள வேறொருவனை என்று தெரியவரும் இடத்தை மீண்டும் பாருங்கள். எம்.ஜி.ஆர். படத்தில் நாயகனின் பெயரே உலகத்தைச் சரிசெய்யும். இங்கே அதே பெயரில் இன்னொருவன் இருக்கிறான், நாயகன் அவனில்லை. பாண்டியன் விவரித்த படிமத்துக்குத் தரை டிக்கெட்டிலிருந்து வந்த பதிலாக இந்தக் காட்சியை நான் வாசிக்கிறேன். சினிமா பார்த்து வளர்ந்த ஒருவன் சினிமாவிடம் ஏமாறுகிறான், அந்த ஏமாற்றத்தைத் தாண்டி வாழவும் செய்கிறான். அவன் சிக்கியவனும் அல்லன், புரட்சிக்காரனும் அல்லன். ஒரு தலைமுறை, கொள்கையாக உருப்பெறாமல் வாழ்ந்து உணரும் ஒன்றுக்கு வில்லியம்ஸ் ‘உணர்வுக் கட்டமைப்பு’ என்று பெயர் வைத்தார். மேற்குப் புறநகரின் உணர்வுக் கட்டமைப்பு திரையில் பதிவானது இப்படத்தில்தான்.

இரஞ்சித்தின் பிந்தைய படங்களான ‘மெட்ராஸ்’, ‘காலா’, ‘சார்பட்டா பரம்பரை’ பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ‘காலா’வின் நில அரசியலும் கறுப்பு வெள்ளை நிறங்களும் வரிவரியாக அலசப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தின் தாராவியில் பெரும்பகுதி பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தின் ஈவிபி பிலிம் சிட்டியில் போடப்பட்ட செட். மும்பையின் குடிசைத் தெரு சென்னைப் புறநகரில் எழுந்தது, தச்சர்களும் வெல்டர்களும் பெயின்டர்களும் லைட்மேன்களும் எழுப்பியது. நிலம் உழைப்பவனுக்கு என்று பேசும் படத்தை ஆராயும்போது அந்தச் செட்டை எழுப்பிய உழைப்பும் ஆய்வுக்குள் வந்திருக்க வேண்டும்.

2020 பிப்ரவரி 19 இரவு அதே வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் சினிமா ஊழியர்கள். மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2015-இல் வெளியிட்ட நூலுக்காகத் தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களுக்கே போனார். படைப்பாற்றல் எப்படிப் பிறக்கிறது என்று அவர் அங்கே தேடியது மதிப்புமிக்கது. ஆனால் கிரேனுக்குக் கீழே நிற்பவரின் வேலை நேரம், கூலி, காப்பீடு ஆகியவையும் பண்பாட்டுக் கோட்பாட்டின் கேள்விகளே. பண்பாடு என்பது உற்பத்தியும்தான் என்று வில்லியம்ஸ் தன் வாழ்நாள் முழுதும் வாதிட்டார். அந்த வாதத்தைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்தில் வைத்துச் சோதிக்கும் ஆய்வாளர் படச்சுருளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியிருக்கும்.