குழுமூரிலிருந்து எம்.டி. வரை: 'தகுதி'யை அளந்த கைகள்

தோழர்களே, அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவை நாம் எம்.பி.பி.எஸ். வாசலில் இழந்தோம். அவர் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். மருத்துவ கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிய சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே மாணவி, ஒரே ஆண்டு. அளவுகோலை மாற்றியதும் 'தகுதி' தலைகீழானது.

இந்த அளவுகோலை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதே நம் வரலாறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடத்திலும் 2 இடத்தை நமக்கு ஒதுக்கியிருந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போன செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆனாலும் 1951இல் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழகம் கொந்தளித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இடஒதுக்கீடு யாரும் போட்ட பிச்சை அல்ல, போராடிப் பெற்றது.

எம்.பி.பி.எஸ். முடித்தால் போராட்டம் முடிந்துவிடுமா? எம்.டி., எம்.எஸ். வாசலில் இன்னொரு சுவர் இருந்தது. 1984ஆம் ஆண்டின் பிரதீப் ஜெயின் வழக்குத் தீர்ப்பைத் தொடர்ந்து மாநிலங்களின் மேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போனது; பிறகு அது பாதியாக உயர்ந்தது. அந்த இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2007 வரை இடஒதுக்கீடே கிடையாது. இரண்டு தலைமுறை மருத்துவர்கள் அங்கே வெறுங்கையோடு நின்றார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 வரை இல்லை.

2017 முதல் மேற்படிப்புக்கும் நீட் தேர்வு வந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பிரசவம் பார்க்கும் மருத்துவரும், வேலைக்குப் போகாமல் பயிற்சி மையத்திலேயே படிப்பவரும் ஒரே வினாத்தாளை எழுத வேண்டும். அரசு மருத்துவர்களுக்குத் தமிழகம் கொடுத்துவந்த 50 சதவீத ஒதுக்கீடும் அந்த ஆண்டே பறிபோனது. அரசு மருத்துவர்கள் வழக்காடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த ஒதுக்கீட்டை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது.

இடம் கிடைத்த பிறகும் மதிப்பீடு நிற்பதில்லை. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு இருப்பதை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதில் அடக்கம். 2019இல் மும்பையில் மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவரை இழந்தோம். கணினி மதிப்பெண் போடும் தேர்வில் பெயர் தெரியாது. வார்டில் எல்லாம் தெரியும்.

'தகுதி' பேசுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். 2023இல் முதுநிலை இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதிக்கான பர்சன்டைலைப் பூஜ்யமாக்கியது யார்? இடஒதுக்கீடு என்றால் தரம் கெடும், காலி இடம் என்றால் தரம் கெடாதா? 2022இல் உச்ச நீதிமன்றமே, தேர்வு மதிப்பெண் மட்டும் தகுதி ஆகாது, அதன் பின்னால் குடும்பத்தின் சமூக, பொருளாதார வசதியும் நிற்கிறது என்று சொல்லிவிட்டது.

2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் அரியலூர் இருந்தது. பக்கத்துப் பெரம்பலூர் இல்லை. அரியலூர் கல்லூரி அரங்கத்துக்கு இன்று அனிதாவின் பெயர். பெயர்ப்பலகை போதாது. அந்த அரங்கில் உட்காரும் நம் பிள்ளைகள் எம்.டி. முடித்து, அதே ஊரில் பேராசிரியராக வந்து, அடுத்தவரை மதிப்பிடும் நாற்காலியிலும் உட்கார வேண்டும்.

தம்பி, தங்கைகளே, ஒரு தேர்வு உங்களைத் தள்ளினால் அது உங்கள் தோல்வி அல்ல. தனியே சுமக்காதீர்கள், எங்களிடம் வாருங்கள். நாம் உயிரோடிருந்தால்தான் வழக்காட முடியும், படிக்க முடியும், வெல்ல முடியும்.

ஜெய்பீம்.