வீட்டை எப்படி இழுப்பது?



நேற்று பேத்தி, "புல் டவுன்னா என்ன தாத்தா?" என்றாள். இடிப்பது என்றேன். "புல்னா இழுன்னுதானே அர்த்தம், வீட்டை எப்படி இழுக்கிறது?" என்று மடக்கிவிட்டாள். 'பர்ன் டவுன்', 'புல் டவுன்', 'ப்ளோ அப்' மூன்றுக்கும் நேராக 'அழித்தல்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு வந்தவன் நான். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அன்று விட்டதை இன்று சொல்கிறேன்.

1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. லண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக்கடையில் தீப்பிடித்தது. மர வீடுகள், நெருக்கமான சந்துகள், பலத்த கீழைக்காற்று. வீடுகள் எரிந்து தரைமட்டமாயின. அது 'பர்ன் டவுன்'.

அக்காலத்தில் தண்ணீரை மட்டும் நம்பித் தீயை அணைக்க முடியாது. தீ வரும் வழியில் உள்ள வீடுகளை முன்கூட்டியே சாய்த்து இடைவெளி உண்டாக்குவார்கள். நீண்ட கழியின் நுனியில் இரும்புக் கொக்கி இருக்கும். அதை மேலே மரச்சட்டத்தில் மாட்டி, பலர் சேர்ந்து இழுப்பார்கள். பேத்தி கேட்டது சரிதான். வீட்டை இழுக்கத்தான் செய்தார்கள்! நாம் இடித்துத் தள்ளுகிறோம், அவர்கள் இழுத்துத் தள்ளினார்கள்.

ஆனால் எரியாத வீட்டை இழுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மேயர் தாமஸ் பிளட்வர்த் முதலில் வந்து பார்த்து, இதெல்லாம் ஒரு தீயா என்று அலட்சியமாகப் போய்விட்டார். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது. கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் படகில் போய், மன்னர் இரண்டாம் சார்லஸிடம் முறையிட்டு, வீடுகளை இழுத்துத் தள்ள உத்தரவு வாங்கி வந்தார். அதற்குள் தீ, ஆட்களை முந்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை, டவர் கோட்டைப் பக்கம் வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்தார்கள். அதுதான் 'ப்ளோ அப்'. சத்தத்தில் ஜனங்கள் முதலில் மிரண்டாலும், தகர்த்த இடத்தில் தீ நின்றது என்று பீப்ஸ் தன் டைரியில் எழுதியிருக்கிறார். (அந்த அமளியிலும் மனிதர் தன் பாலாடைக்கட்டியைக் குழிதோண்டிப் புதைத்துக் காப்பாற்றப் பார்த்தார்!)

போனது ஏறத்தாழ 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், பழைய செயின்ட் பால் பேராலயம்.

"மேயர் ஞாயிற்றுக்கிழமையே இழுத்திருந்தா?" என்கிறாள் பேத்தி. தீ அங்கேயே நின்றிருந்தால், நல்ல வீட்டைப் பாழாக்கினார் என்று ஊரே அவரைத் திட்டியிருக்கும் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை.

என் பழைய நோட்ஸ் யாரிடமாவது இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.