வில்லும் மடிக்கணினியும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்திலுள்ள இசைத்தூண்களைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர் குமரி மாவட்டத்தில் அரியர். ஒரே கல்லைச் சிறு சிறு தூண்களாகப் பகுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். தட்டினால் அவை இசையொலி எழுப்பும். ஒலியைக் கல்லுக்குள் அமைத்து வைத்தவன் சிற்பி. எதற்குப் பின் எது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது தட்டுகிறவனுடைய கை. ஒலியை முன்னரே ஆயத்தம் செய்து வைப்பது ஒரு கலை. அதனைக் கேட்போர் முன்னிலையில் எடுத்தாள்வது மற்றொரு கலை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாதி விளங்கிவிடும்.

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, மேடையில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறது. அவர் செய்வது என்ன? அது கலையா, இயந்திரத்தை இயக்கும் வேலையா?" நல்ல கேள்வி. உடனே விடை சொல்ல எனக்குத் துணிவில்லை. மின்னிசையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பிறகே விடை கிடைத்தது. ஆயினும் அந்த விடையின் வேர் நம் ஊர்க் கோயில் முற்றத்திலேயே இருக்கக் கண்டேன்.

கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடைபெறுவதை நினைவில் கொண்டு வாருங்கள். நீண்ட வில், அதில் தொங்கும் மணிகள், இறுகக் கட்டிய நாண், அதன்மேல் விழும் வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். நடுவில் அமர்ந்து பாடுபவர் அண்ணாவி. அவர் பாடும் கதை புதிதன்று. முத்துப்பட்டன் கதையாயினும் நீலி கதையாயினும் ஏட்டில் எழுதியது. ஊரார் பலமுறை கேட்டது. அப்படியாயின் அண்ணாவியின் படைப்பாற்றல் எங்கே இருக்கிறது?

அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும். கை வீசுகோலில் இருக்கும். கண் சாமியாடியின்மேல் இருக்கும். சாமியாடியின் உடலில் நடுக்கம் தோன்றும்போது தாளம் நெருங்கும், குடம் விரையும். அருள் வரத் தாமதமானால் அண்ணாவி அதே அடியை மீண்டும் மீண்டும் பாடுவார். வேண்டுமானால் ஒரு பகுதியை விரிப்பார், ஒரு பகுதியைச் சுருக்குவார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இப்பகுதியில் தங்கி ஆராய்ந்து, வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். ஏட்டிலுள்ள கதையை, அது பாடப்படும் கொடைச் சடங்கோடு சேர்த்துப் பார்ப்பதே அவர் மேற்கொண்ட நெறி. ஏடு ஆயத்தப் பொருள். பாட்டோ அந்த இரவில் பிறப்பது.

வில்லுக்கு அடுத்து எங்கள் ஊர்களுக்கு வந்தவர் மைக் செட்டுக்காரர். என் இளமையில் திருமணம் என்றால், தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய பிறகுதான் அது திருமண வீடு. ஓர் ஓரத்தில் சிறு மேசை. அதன்மேல் இசைத்தட்டுப் பெட்டி. பாடல்களில் ஒன்றேனும் அவர் இயற்றியதன்று. எனினும் விடியலில் எது, விருந்து வேளையில் எது, மாப்பிள்ளை வரும்போது எது என்பதெல்லாம் அவர் முடிவு. ஒரு திருமணத்தில் பெண்ணை வழியனுப்பும் நேரம். குதூகலமான பாட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் தந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை மைக் செட்டுக்காரர் கண்டார். மெல்ல ஊசியைத் தூக்கிவிட்டார். அந்த அமைதியில் பெண் தந்தையிடம் சென்று விடைபெற்றாள். அதற்குமேல் பொருத்தமான இசையை அன்று எவராலும் அமைத்திருக்க முடியாது. இசைத்தட்டைச் சுழற்றுவது கலையாகக்கூடும் என்பதை நான் முதன்முதலாக உணர்ந்தது அப்போதுதான்.

இதே உண்மையை உலகின் வேறு மூலைகளிலும் சிலர் கண்டறிந்தனர். 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் கேஜ் என்னும் இளம் இசைஞர், வேகத்தை மாற்றக்கூடிய இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைப் பியானோவோடும் கைத்தாளத்தோடும் சேர்த்து ஓர் இசைப்படைப்பை அமைத்தார். தட்டுகளில் இருந்தவை பாடல்கள் அல்ல. கருவிகளைச் சோதிப்பதற்காகப் பதிந்த வெறும் ஒலிகள். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். பதிந்த ஒலியைத் திரும்பக் கேட்பதற்கென்று செய்த இயந்திரம், இசைக்கும் கருவியாக மாறியது.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் தட்டுச் சுழற்றியவர் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டின் நடுவே குரல் நின்று முழவொலி மட்டும் வரும் சில நொடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதனைத் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். அருள் வரும்வரை ஒரே அடியைத் திருப்பிப் பாடும் அண்ணாவியின் செயலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? சடங்கு வேறு, நோக்கம் வேறு. ஆயினும் கூட்டத்தைக் கண்ணால் படித்துக் காலத்தை நீட்டும் திறம் ஒன்றே.

இனி இந்தியாவுக்கு வருவோம். மேலே சொன்ன ஜான் கேஜுக்கு 1946-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இந்திய இசையைக் கற்பித்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்னும் பெண்மணி. அந்தத் தொடர்பு பின்னாளில் பயன் தந்தது. கேஜின் உடனுழைப்பாளரான டேவிட் டியூடர் 1969-ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அங்கே மின்னிசைக் கூடம் அமைக்கத் துணை நின்றார். ராபர்ட் மோக் வடிவமைத்த மின்னிசைக் கருவி அங்கு நிறுவப்பட்டது. அதில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. மின்னோட்ட அதிர்வே ஒலி. மின்னழுத்தம் உயர்ந்தால் சுருதி உயரும். எந்தப் பகுதியை எதனோடு இணைப்பது என்பதை வடங்களைச் செருகியே தீர்மானிக்க வேண்டும். வடங்களைப் பிடுங்கிவிட்டால் அன்றைய ஒலி மறைந்துவிடும். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கருவியில் புதிய ஒலியுலகைத் தேடினார்கள்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? சில ஆண்டுகளில் கூடத்தின் பணி நின்றது. ஒலிநாடாக்கள் காப்பகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கின. பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்த பின்னரே, 2023-ஆம் ஆண்டில் அவை தொகுப்பாக வெளிவந்தன. அறிவும் கருவியும் உழைப்பும் இருந்தன. எதிரே அமர்ந்து கேட்கும் ஊர் மட்டும் அந்த இசைக்கு வாய்க்கவில்லை.

பம்பாயில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982-ஆம் ஆண்டில் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை ஆட்டத் தாளத்தில் பதிவு செய்தார். ஒன்று தாளம் தந்தது. மற்றொன்று கீழ்ச்சுருதியில் சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. மூன்றாவதில் அவர் இராகத்தை வாசித்தார். அன்று அதனைக் கேட்டுப் பாராட்டியவர் சிலரே. சில ஆண்டுகள் கழித்துச் சிகாகோ நகரில் அதே வகைக் கருவியால் ஒரு புதிய ஆட்ட இசை பிறந்து உலகெங்கும் பரவியது. 2010-இல் சிங்கின் தட்டு மறுபடி வெளிவந்தபோது மேலைநாட்டார் வியந்தனர். முதுமையில் அவர் அயல்நாட்டு மேடைகளில் ஏறி அவ்விராகங்களை நேரில் வாசித்தார், 2015-இல் மறைந்தார்.

மடிக்கணினியின் கதைக்கு வருவோம். 1978-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் சில இசைஞர் சிறு கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து மேடையில் இசைத்தனர். 2001-இல் பெர்லின் நகரிலிருந்து ஏபிள்டன் லைவ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. ஒலித்துண்டுகளை அறை அறையாக அடுக்கி வைத்து, தாளம் பிசகாமல் எதனையும் எப்போதும் தொடங்கவும் நிறுத்தவும் அது வழி செய்தது. கூடம் முழுவதும் ஒரு பைக்குள் அடங்கியது. அதனோடு ஒரு குறையும் வந்தது. வீசுகோல் நாணில் விழுவதை ஊர் காண்கிறது. விரல் பொத்தானில் விழுவதை எவர் காண்கிறார்? மேடையில் நிற்பவர் இசைக்கிறாரா, கடிதம் படிக்கிறாரா என்ற ஐயம் எழுந்தது. 2004-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் கூடிய கலைஞர் சிலர் இதற்கு மாற்றுக் கண்டனர். இசையைப் பிறப்பிக்கும் கட்டளைகளை மேடையிலேயே எழுதி, அந்தத் திரையைக் கேட்போருக்கும் பெரிதாகக் காட்டினர். பிழை நேர்ந்தால் அதுவும் தெரியும். பிழை நேரக்கூடும் என்ற அச்சம் இருபுறமும் இருக்கும்போதுதான் நிகழ்ச்சிக்கு உயிர் வருகிறது.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊர்க் கொடையொன்றில் பணம் போதாமையால் வில்லுப்பாட்டுக் குழுவை அழைக்கவில்லை. பழைய ஒலிப்பதிவைக் கணினி வழியே ஒலிக்கச் செய்தார்கள். தெளிவான பதிவு, தேர்ந்த அண்ணாவி. கதை உச்சத்தை அடைந்தது. குடமும் உடுக்கையும் முழங்கின. ஆனால் சாமியாடி அப்போதுதான் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் ஆட நின்றபோது பதிவில் மங்களம் பாடிக்கொண்டிருந்தனர். முதியவர் ஒருவர், "இந்த அண்ணாவிக்கு நம்மைத் தெரியவில்லையே" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கணினியின் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இதற்குள் அவ்வூர் இளைஞன் ஒருவன் ஓடிச்சென்று கணினியின் முன் அமர்ந்தான். பதிவை நிறுத்தினான், குடமும் உடுக்கையும் மட்டும் முழங்கும் பகுதியைத் தேடிப் பிடித்தான், அதனைச் சுழலவிட்டு, சாமியாடியின் காலைப் பார்த்துப் பார்த்து விரைவைக் கூட்டினான். முதலில் தடுமாறியது, பிறகு பொருந்தியது. பெரியவர்கள் அதனை வில்லுப்பாட்டு என்று ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. அண்ணாவியின் இடத்தையும் குடக்காரரின் கூலியையும் அது ஈடு செய்யாது. மறு ஆண்டே ஊரார் வரி கூட்டிக் குழுவை அழைத்தது நியாயமே. எனினும் அந்தக் கால்மணி நேரம் அவ்விளைஞன் செய்தது இயந்திர வேலையன்று. அதே கணினி, அதே பதிவு. முன்னர் இல்லாத ஒன்று அங்கு வந்து சேர்ந்தது.

மாணவ அன்பர்களே, அந்த மாணவருக்கு நான் கூறும் விடை இதுதான்: பாட்டு எதற்குள் இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏட்டிலும் இருக்கலாம், கல்லிலும் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம். அதனை எடுத்தாள்பவர் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். எதிரே இருப்போர் மாறினால் தம் இசையை மாற்றக்கூடியவரா என்று கேளுங்கள். மாற்றுவாராயின் அவர் கலைஞர். மாற்றாராயின், கையில் வீசுகோலே இருந்தாலும், அவர் பொத்தானை அழுத்திவிட்டுப் போனவரே. அடுத்த கொடைக்குச் செல்லும்போது வில்லின் மணிகளை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அண்ணாவியின் கண்ணையும் சற்று நேரம் நின்று பாருங்கள்.