படத்தின் ஓரத்தில் நின்றவள்: மாத்தளைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்கள்

பழைய கடதாசிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது நிறம் மங்கிய புகைப்படமொன்று கைக்கு அகப்பட்டது. மாத்தளை நகருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பழைய பங்களா ஒன்றின் விறாந்தை. பிரம்பு நாற்காலிகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர். அருகே நான்கைந்து வயதுச் சிறுமி. ஓரத்தில், இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்தபடி என் அக்கா. படத்தின் பின்புறத்தில் மாத்தளை, 1982 என்று எழுதி, இடமிருந்து வலமாக நால்வரின் பெயர்கள் அழகான கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஐந்தாவதாக, பெயருக்குப் பதில் "ஆயா" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். படவிளக்கம் எழுதுகையில் ஒருவரின் பெயர் விடுபட்டால் மறுநாள் காலையிலேயே தொலைபேசி அலறும். இந்தப் படவிளக்கத்துக்காக எவரும் யாரிடமும் முறையிடவில்லை. அக்காகூட நாற்பது ஆண்டுகளாக அதனைப் பத்திரமாக வைத்திருந்துதான் என்னிடம் தந்தாள்.

அந்தக் குடும்பம் மாத்தளைக்கு வந்த காலத்தை முதலில் சொல்லவேண்டும். 1977இன் பின் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு உதவி வெள்ளமாக வந்தது. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் என ஒன்று அமைக்கப்பட்டது. 1979இல் குருநாகலில் உலக வங்கியின் உதவியுடன் அது தொடங்கியது. அம்பாந்தோட்டைக்கு நோர்வேயும், மாத்தறைக்குச் சுவீடனும், நுவரெலியாவுக்கு நெதர்லாந்தும் கைகொடுத்தன. மாத்தளை 1980களின் தொடக்கத்தில் உலக வங்கியின் பங்காக அமைந்தது. அதே வேளையில் துரித மகாவலித் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. விக்டோரியா அணைக்கு பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. எமது அயலிலுள்ள திகணையில் பிரித்தானியப் பொறியியலாளர் குடும்பங்களுக்கென ஒரு குடியிருப்பே எழுந்தது. கண்டியிலும் மாத்தளையிலும் வெள்ளை ஜீப்புகள் ஓடாத நாளில்லை.

அக்கா வேலை பார்த்த வீட்டுக்காரர் அத்தகைய நிபுணர்களுள் ஒருவர். அவர் எந்த நாட்டவர், எந்த நிறுவனத்தவர் என்பது இங்கு முக்கியமன்று. நல்ல மனிதர்கள். அவர்கள் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாத்தளை மாவட்டம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. தெற்கே மழை ஓயாத மலைச்சரிவு, வடக்கே தம்புள்ளை, சீகிரியா என வெயில் காயும் வரண்ட நிலம். ரத்தோட்டைப் பக்கம் போய்வந்தால் காலில் அட்டை. தம்புள்ளைப் பக்கம் போய்வந்தால் மலேரியாப் பயம். உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 2016இல்தான். அன்றோ அந்த வீட்டில் நான்கு கட்டில்களுக்கும் நான்கு நுளம்பு வலைகள், வாரந்தவறாமல் கசப்பு மாத்திரை. தண்ணீரைக் காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, போத்தல்களில் ஊற்றி மூடுவதே அக்காவின் அன்றாட முதல் வேலையாம். "குளிக்கத் தண்ணி காய்ச்சலாம், குடிக்கவுமா காய்ச்சுவாங்க?" என்று எங்கள் பெரியம்மா நெடுநாள் வியந்துகொண்டிருந்தார்.

கணவர் விடியற்காலையில் ஜீப்பில் ஏறினால் இருட்டிய பின்னரே திரும்புவார். வீட்டில் தனித்திருந்தவர் மனைவிதான். தமது ஊரில் உத்தியோகம் பார்த்தவர். இங்கு அவருக்கு வேலையில்லை. பேச்சுத் துணையுமில்லை. சந்தைக்குப் போனால் விலை இரட்டிப்பு, போகாவிட்டால் பொழுது போகாது. ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்காகும். பாற்கட்டி வாங்கக் கண்டி வரை பதினாறு மைல் போகவேண்டும். முதல் மழைக்காலத்தில் சப்பாத்தெல்லாம் பூஞ்சணம் பிடித்ததைப் பார்த்து அந்த அம்மாள் விறாந்தைப் படியில் உட்கார்ந்து அழுதாராம். அக்காவும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று முதல் இருவரும் சிநேகிதிகளாயினர் என்றுதான் சொல்லவேண்டும். "மெடம்" என்று அக்கா அழைப்பாள். தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்த எங்கள் அப்பாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. "தொரசாணின்னு சொல்லு" என்று கடைசிவரை திருத்திக்கொண்டேயிருந்தார்.

குழந்தைகளுக்கு இந்தக் கஷ்டம் எதுவுமில்லை. ஆறே மாதத்தில் சிறுமி அக்காவோடு தமிழிலும் தோட்டக்காரரோடு சிங்களத்திலும் பேசத் தொடங்கிவிட்டாள். பையன் முதன்முதலாகப் பேசிய வாக்கியமே தமிழ் வாக்கியம் என்று அக்கா இன்றும் பெருமைப்படுவாள். ஜாதிக்காய் மரத்தடியில் விளையாடி, வெறுங்காலோடு ஓடி, கையால் சோறு உண்டு வளர்ந்த அப்பிள்ளைகளுக்கு மாத்தளைதான் சொந்த ஊர். பிறநாட்டில் குடியேறும் குடும்பங்களில் முதலில் வேர்விடுவது பிள்ளைகளே என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

மாத்தளைக்கு இது புதிதுமன்று. 1830களில் இங்கு நிர்வாக அதிகாரியாக இருந்த ஜொனதன் ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்கொட்லாந்துப் படை அதிகாரி, தமது இலங்கை வாழ்வைப் பற்றி இரு பாகங்கள் கொண்ட நூலொன்றை 1840இல் வெளியிட்டார். சீகிரியாவை ஆங்கிலம் படித்த உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் அவர் முதல்வர். அவருக்குப் பின் கோப்பித் துரைமார் வந்தனர். 1854இல் பெருந்தோட்டத் தமிழருக்கென அங்கிலிக்கன் திருச்சபையினர் தனி மிஷன் ஒன்றைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து தமிழ் தெரிந்த பாதிரிமாரும் உபதேசிமாரும் வந்தனர். இவர்களெல்லாரும் எழுதத் தெரிந்தவர்கள். கடிதம் எழுதினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், நூல் எழுதினார்கள். ஆகவே அவர்கள் பட்ட வெயிலும் மழையும் காய்ச்சலும் தனிமையும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன.

அதே தசாப்தங்களில், அதே மாத்தளைக்கு, இன்னொரு வகை வெளிநாட்டுக் குடும்பங்களும் வந்துகொண்டிருந்தன. தென்னிந்தியாவின் வரட்சியிலிருந்தும் கடனிலிருந்தும் தப்பி, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை எனக் கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் தப்பியவர்கள் மலையடிவாரமாகிய மாத்தளையை வந்தடைந்து அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். பன்னாமத்து மாத்தளை என்று அவர்கள் இவ்வூரை அழைத்தனர். முத்துமாரியம்மனை வைத்து வணங்கினர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நடைபாதை மூடப்பட்டது. அந்தப் பாதையில் வந்த தாய், பிள்ளைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாளா, எந்த மொழியில் தாலாட்டினாள், எந்த மழையைப் பார்த்து அழுதாள் என்று ஒரு வரியும் அவள் எழுதி வைக்கவில்லை. கணக்கேட்டில் அவள் ஓர் இலக்கம்.

ஒரே காலம், ஒரே ஊர். ஒருவர் சொந்த நாட்டை விட்டு வந்ததற்குப் பெயர் சேவை, மற்றவர் வந்ததற்குப் பெயர் கூலி. ஒருவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பிச் செல்லலாம். மற்றவர் ஐந்து தலைமுறை இருந்தும் எந்த நாட்டவர் என்று எவரும் சொல்லவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். எங்கள் லயத்திலிருந்தும் சில குடும்பங்கள், தம் மூதாதையர் நடந்துவந்த திசையிலேயே, தலைமன்னார் நோக்கிப் புகையிரதத்தில் அழுதுகொண்டு போயின.

இனி அந்த அபிவிருத்தித் திட்டத்தின் கதைக்கு வருகிறேன். கிராமங்களுக்கு வீதி வந்தது, குளங்கள் திருத்தப்பட்டன, கிணறுகள் வெட்டப்பட்டன. அதனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் கிராம அபிவிருத்தி என்றால் கிராமம் மட்டுமே. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் அவை தனி உலகமாகவே கருதப்பட்டன. அக்கா காலையில் அந்த வீட்டில் நான்கு பேருக்குத் தண்ணீர் காய்ச்சுவாள். மாலையில் லயத்துக்குத் திரும்பி, எட்டுக் குடும்பங்களுக்கு ஒன்றாக இருந்த பீலியில் வரிசையில் நிற்பாள். அந்த நிபுணர் ஒருமுறை எங்கள் அப்பாவிடம், "உங்கள் தோட்டத்துக்கு ஏன் ஒரு கிணறு கேட்டு விண்ணப்பிக்கக்கூடாது?" என்று கேட்டாராம். அப்பா சிரித்துவிட்டு வந்துவிட்டார். கேட்பதற்கு எங்களுக்கு வாக்குமில்லை, வழியுமில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமும் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடமளிக்காத விதத்திலேயே எழுதப்பட்டது. அது திருத்தப்பட 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

1983 ஜூலை மாத்தளை நகரையும் விட்டுவைக்கவில்லை. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்த பயிலுநர். என் உயிர் பிழைத்தது வேறொரு கதை. அக்காவை அந்தக் குடும்பம் நான்கு இரவுகள் தம் படுக்கையறைக்கு அடுத்த அறையில் வைத்துப் பாதுகாத்தது. வாயிலுக்கு வந்து விசாரித்தவர்களிடம் அந்த அம்மாளே போய் நின்று பேசியிருக்கிறார். இதனை நாங்கள் ஒருபோதும் மறந்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் புறப்பட்டுவிட்டனர். பிள்ளைகளின் பாதுகாப்பை எண்ணிய எந்தப் பெற்றோரும் அதையே செய்திருப்பர். புறப்படும் நாளில் பையன் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தமிழில், "நீயும் வா" என்று அழுதான். வருவதற்கு அவளிடம் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க அவளுக்கு ஒரு நாடும் இல்லை.

எஞ்சிய நாடற்றவர்களுக்கு 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கியது. எங்கள் குடும்பமும் அவ்வாறே பிரஜைகளாயிற்று. தேர்தல் செய்திகளை ஆண்டுக்கணக்காக எழுதிவந்த எனக்கும் அதன் பின்னர்தான் வாக்குரிமை கிடைத்தது. அக்கா அந்த உரிமையை வைத்து முதலில் செய்த காரியம் கடவுச்சீட்டு எடுத்ததுதான். 1989இல் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் சென்றாள். இப்போது வெளிநாட்டில் வாழப் பழகவேண்டியவள் அவளே. மொழி தெரியாது, உணவு பிடிக்காது, வெயில் சுடும், கடிதம் வராது. "மெடம் அன்னைக்கு ஏன் அழுதான்னு அங்க போய்த்தான் தம்பி விளங்குச்சு" என்று பின்னொரு நாள் என்னிடம் கூறினாள்.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. பல்லாயிரம் இலங்கையர் அங்கே சிக்கிக்கொண்டனர். ஜோர்தான் பாலைவனத்து முகாம்கள் வழியாகவே அவர்களுள் பெருந்தொகையானோர் வீடு திரும்பினர். அக்காவும் அவ்வழியே வந்தாள். முகாமில் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தவர்கள் வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள். ஓர் இளம்பெண் பதிவேட்டுடன் வந்து அவளது முழுப்பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, இருமுறை சரிபார்த்து எழுதிக்கொண்டாளாம். "என்னோட பேரு, அப்பாவோட பேரு, ஊரு மாத்தளைன்னு எல்லாத்தையும் எழுதுனா தம்பி" என்று அக்கா வியப்போடு சொன்னபோது, அந்தப் புகைப்படம் என் நினைவுக்கு வந்தது. ஆனால் நான் எதுவும் சொல்லவில்லை.

மலையகத் தமிழரின் வருகை இருநூறு ஆண்டுகளை எட்டியதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மதகுருமார், மாணவர் எனப் பலரும் அதில் நடந்தனர். அறுபது வயதைத் தாண்டிய அக்கா வீதியோரத்தில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். காய்ச்சி, ஆறவைத்து, போத்தலில் ஊற்றிய தண்ணீர். பழக்கம் விடவில்லை.

உதவி செய்ய வந்த குடும்பங்களின் கஷ்டங்களை எழுதும் அதே பேனாவால், உதவி செய்யப்படவேண்டியவர்கள் என்று எவராலும் எண்ணப்படாத குடும்பங்களின் கஷ்டங்களையும் எழுதவேண்டும் என்பதே என் வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும், வாசக நண்பர்களே. ஓரத்தில் நிற்பவர் யாரென்று தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். என்னிடமிருந்த படத்தில் அந்த ஒரு சொல்லைப் பேனாவால் வெட்டிவிட்டு அக்காவின் பெயரை எழுத முனைந்தேன். அவள் தடுத்துவிட்டாள். "அது மெடத்தோட கையெழுத்து தம்பி, வெட்டாத. கீழ எழுது" என்றாள்.

கீழே எழுதியிருக்கிறேன்.