இறந்தவருக்கு எழுதிய கடிதங்கள்: மாதவிடாய் நிறுத்தமும் போத்தல் மருந்துகளும்

1905இல் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' சஞ்சிகை ஒரு கல்லறையின் படத்தைப் போட்டது. லிடியா பிங்கம் என்ற பெண்ணின் கல்லறை. அவர் 1883இலேயே இறந்துவிட்டார். இதில் என்ன செய்தி என்று கேட்பீர்கள். அந்த வருசம்கூட அவருடைய கொம்பனி, "உங்கள் வருத்தத்தைத் திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மனம் விட்டுச் சொல்லலாம்" என்ற மாதிரி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பெண்களும் எழுதினார்கள். பதிலும் வந்தது. பதில் எழுதியது கொம்பனியில் சம்பளத்துக்கு இருந்த ஆட்கள்.

பிங்கம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லின் நகரத்துக்காரி. 1873 பொருளாதார நெருக்கடியில் கணவர் நொடித்துப்போக, வீட்டில் காய்ச்சி அயலட்டைக்குச் சும்மா கொடுத்துவந்த மூலிகைச் சாற்றை 1875இல் விற்கத் தொடங்கினார். மாதவிடாய் நோவு தொடங்கி மாதவிடாய் நிற்கிற காலத்து வெக்கை, வியர்வை, நித்திரையின்மை வரை எல்லாத்துக்கும் அதே போத்தல்தான். உள்ளே நாலைந்து வேர்கள், கொஞ்சம் வெந்தயம், அத்தோடு கிட்டத்தட்ட 18 வீதம் அற்ககோல். வைனைவிடக் காரம். மதுவிலக்குச் சங்கத்தில் இருந்த பெண்களும் இதைக் கரண்டி கரண்டியாகக் குடித்திருக்கிறார்கள், பாவம். 1906இல் உணவு, மருந்துச் சட்டம் வந்து, அற்ககோல் அளவை லேபிளில் போடு என்று கட்டாயப்படுத்திய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று சனத்துக்கு விளங்கியது. அப்படியும் விற்பனை படுத்துவிடவில்லை. பல வருசம் நன்றாகவே ஓடியது.

இதை வாசித்துவிட்டு 'அந்தக் காலத்துப் பெண்கள் ஏமாளிகள்' என்று சொன்னால் அது நியாயமில்லை. அந்தப் போத்தலை விட்டால் அவர்களுக்கு என்ன இருந்தது என்று பாருங்கள். மாதவிடாய் நிறுத்தத்துக்கு இன்று ஆங்கிலத்தில் புழங்கும் 'மெனோபோஸ்' என்ற பெயரே ஒரு பிரெஞ்சு வைத்தியர் உண்டாக்கியதுதான். கார்டான் என்பவர் 1821இல் தன் புத்தகத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். 1857இல் லண்டனில் எட்வர்ட் ரில்ற் என்ற வைத்தியர் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அவர் பரிந்துரைத்தவற்றில் அபின் இருந்தது, மோர்பின் இருந்தது, பெண்ணுறுப்புக்குள் ஈயக் கரைசல் பாய்ச்சுவதும் இருந்தது. ஈயத்தோடு ஒப்பிட்டால் வெந்தயச் சாறு எவ்வளவோ மேல். அதோடு, போத்தல்காரர் கடிதத்துக்குப் பதிலாவது போட்டார்கள்.

அதே நூற்றாண்டில்தான் கஞ்சாவும் ஐரோப்பிய மருந்துப் பெட்டிக்குள் போனது. போன வழி கல்கத்தா. அங்கே வேலைபார்த்த அயர்லாந்து வைத்தியர் வில்லியம் ஓ'ஷோனசி, உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டும், மிருகங்களில் பரீட்சித்தும், நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்து 1839இல் எழுதினார். அதன் பிறகு லண்டனிலும் பொஸ்டனிலும் கஞ்சாத் திராவகம் சாதாரண மருந்தாகிவிட்டது. 1889இல் பொஸ்டன் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஃபார்லோ என்ற வைத்தியர், மாதவிடாய் நிற்கிற காலத்துத் தலையிடி, முகம் சிவந்து காந்துதல் முதலியவற்றுக்குக் கஞ்சாவும் பெலடோனாவும் சேர்ந்த, மலவாசலால் வைக்கும் மருந்தைச் சிபாரிசு செய்தார். இன்றைய சீ.பி.டி விளம்பரங்கள் இவரை விட்டுவிட்டு விக்ரோரியா மகாராணியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மகாராணியின் வைத்தியர் ரசல் றெய்னல்ட்ஸ் 1890இல் 'லான்செற்' இதழில் கஞ்சாவைப் பற்றி எழுதியது உண்மை. மகாராணிக்கு அதைக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அரச கதை என்றால் விலைப்படும், அவ்வளவுதான்.

அந்த மருந்து ஏன் இல்லாமல் போனது? சட்டம் மட்டும் காரணமில்லை. கஞ்சாத் திராவகம் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு வீரியம். ஒன்றில் ஒன்றும் செய்யாது, அடுத்ததில் ஆளைத் தூக்கி அடிக்கும். தண்ணீரில் கரையாததால் ஊசி போடவும் ஏலாது. 1899இல் அஸ்பிரின் வந்ததும் வைத்தியர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு 1937இல் அமெரிக்கா மரிஹுவானா வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் வூட்வர்ட் என்பவர் அந்த விசாரணையில் எதிர்த்துச் சாட்சி சொன்னார். கேட்கவில்லை. 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது.

அதே 1942இல்தான் அமெரிக்காவில் பிரெமரின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்திரோஜன். பெயரே ஆங்கிலத்தில் 'கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீர்' என்பதன் சுருக்கம்தான். விற்கிறவன் அதை விளக்கிச் சொல்லாதது ஆச்சரியமில்லை. ஆனால் இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்தது. வெக்கையும் இரவு வியர்வையும் குறைந்தன. அதோடு நின்றிருந்தால் நல்லது. 1966இல் நியூயோர்க் மகப்பேற்று வைத்தியர் றொபர்ட் வில்சன், மாதவிடாய் நிறுத்தம் என்பது ஹோர்மோன் குறைபாட்டு நோய், மாத்திரை போடாத பெண் பெண்மையையே இழந்துவிடுகிறாள் என்ற தொனியில் ஒரு புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. அந்தச் செலவையெல்லாம் மருந்துக் கொம்பனியே கொடுத்தது என்று பின்னாளில் அவருடைய மகன் சொன்னார். 1975இல் இரண்டு ஆய்வுகள் ஈஸ்திரோஜனைத் தனியே எடுப்பவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுகிறது என்று காட்டின. அதற்குப் பரிகாரமாக இன்னொரு ஹோர்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு 2002 யூலை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு நம் அம்மாமார், பெரியம்மாமாருக்கு இருக்கிற ஹோர்மோன் பயம் பெரும்பாலும் இங்கேயிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் 16,608 பெண்களில் நடந்த பெரிய ஆய்வொன்றில், இரண்டு ஹோர்மோனும் எடுத்தவர்கள் பக்கம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 'மார்பகப் புற்றுநோய் 26 வீதம் அதிகம்' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்த 26 வீதம் எப்படி வந்தது? ஒரு வருசத்தில் 10,000 பெண்களில் மாத்திரை போடாதவர்களில் 30 பேருக்குப் புற்றுநோய், போட்டவர்களில் 38 பேருக்கு. எட்டுப் பேர் அதிகம். எட்டுப் பேர் என்பது சின்ன விசயமில்லை, ஆனால் தலைப்பை வாசித்தவர்கள் நினைத்தது நாலில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று. இன்னொன்று, ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. வெக்கைக்காக மருந்து தேடுகிற 50 வயதுப் பெண்கள் அதில் சிறுபான்மை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருசத்துக்குள் தொடங்கினால், தகுந்த பெண்களுக்கு நன்மை கூட என்று பிற்பாடு திருத்திச் சொன்னார்கள். அதற்குள் கோடிக்கணக்கான மாத்திரைகள் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. பெண்கள் மீண்டும் வெறுங்கையோடு நின்றார்கள்.

சீ.பி.டி வந்து நிரப்பியது இந்த வெற்றிடத்தைத்தான் என்பது என் வாசிப்பு. பொருள் புதிதல்ல. கஞ்சாச் செடியிலிருந்து 1940இல் ரொஜர் அடம்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். 1963இல் இஸ்ரேலில் ரபாயேல் மெக்கூலம் அதன் அமைப்பைக் கண்டார். அடுத்த வருசம் போதை தருகிற ரீ.எச்.சியையும் கண்டார். சீ.பி.டிக்கு அந்தப் போதை இல்லை. 1992இல் அவருடைய ஆய்வுகூடமே, நம் மூளை தானாகச் சுரக்கிற, கஞ்சாவைப் போல வேலைசெய்கிற பொருளைக் கண்டுபிடித்து, 'ஆனந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லால் அனந்தமைட் என்று பெயர் வைத்தது. 2018இல் சீ.பி.டி வலிப்புக்கான மருந்தாக அனுமதி பெற்றது. இரண்டு அரிய வகை வலிப்புகளுக்கு, சரியான சோதனைகளோடு. அதே வருசக் கடைசியில் அமெரிக்க விவசாயச் சட்டம் ரீ.எச்.சி 0.3 வீதத்துக்கு மேற்படாத சணற்செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. உடனே எண்ணெய், மிட்டாய், கிறீம் என்று சந்தை நிறைந்தது. மாதவிடாய் நிறுத்தத்துக்கென்றே தனி லேபிள்களும் வந்தன.

வேலை செய்கிறதா? வெக்கையை சீ.பி.டி குறைக்கிறது என்று காட்டிய பெரிய ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட இல்லை. 2022இல் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் 258 பெண்கள், பெரும்பாலும் நித்திரைக்கும் மனநிலைக்கும் கஞ்சாப் பொருட்கள் உதவுவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களில் 86 வீதத்தினர் ஏற்கெனவே பாவிப்பவர்கள். கோயில் வாசலில் நின்று கடவுள் இருக்கிறாரா என்று கேட்ட மாதிரி. வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2023இல் ஹோர்மோன் அல்லாத வழிகளைத் தரம் பிரித்தபோது கஞ்சாப் பொருட்களைப் பரிந்துரைக்கவில்லை. வெக்கை விசயத்தில் ஒரு சிக்கலும் உண்டு. போலி மாத்திரை கொடுத்தாலே பலருக்குப் பாதியளவு குறைந்துவிடும். பிங்கம் அம்மாவுக்கு வந்த நன்றிக் கடிதங்கள் பொய்யில்லை என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

இனி போத்தலுக்குள் என்ன? 2017இல் ஆய்வாளர்கள் இணையத்தில் 84 சீ.பி.டி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் ரீ.எச்.சி இருந்தது. கூடுதல் அளவில் சீ.பி.டி ஈரலைத் தாக்கும். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவையே குழப்பிவிடும். 50 வயதில் பிரஷர், கொலஸ்ட்ரோல், இருதயம் என்று குளிசை போடாத ஆட்கள் எங்கள் வீடுகளில் எத்தனை பேர்?

கனடாவில் 2018 ஒக்ரோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம். ரொறன்ரோவில் இருக்கிற சித்தி கடையில் வாங்கி, நல்ல மனசோடு தங்கச்சிக்கென்று பயணப்பெட்டிக்குள் வைக்கலாம். இங்கே கஞ்சாச் செடி இன்னமும் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்துக்குள் நிற்கிறது. அந்தப் போத்தல் 84இல் எந்தப் 18இன் இனம் என்று சித்திக்கும் தெரியாது, கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறக்கிற அதிகாரிக்கும் தெரியாது.