பி.எஸ்சி சைக்காலஜி: நகையை அடகு வைக்கும் முன் கொஞ்சம் வரலாறு

போன வாரம் நைட் டூட்டி. வார்டு சிஸ்டர் ஒருத்தங்க தயங்கித் தயங்கி வந்து கேட்டாங்க.

"சார், பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. சைக்காலஜிதான் படிப்பேன்னு நிக்கிறா. தனியார் காலேஜ்ல வருசத்துக்கு 2 லட்சம் சொல்றாங்க. நகைய வச்சுடலாம்னு இருக்கேன். மூனு வருசம் முடிச்சதும் கவுன்சிலிங் ரூம் போட்டு உக்காந்துடலாம்தானே சார்?"

உடனே பதில் சொல்ல முடியல. இதுக்கான பதில் காலேஜ் ஃபீஸ் நோட்டீஸில் இல்லை. 1916ல் இருந்து ஆரம்பிக்கணும். பொறுமையா படிங்க, உங்க வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

1916ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை தொடங்கியது. பொறுப்பேற்றவர் ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா. அதுவரை தத்துவப் பாடத்துக்குள் இருந்த உளவியல், ஆய்வகத்தோடு தனிப் பாடமானது. 1924ல் மைசூர், 1943ல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று துறைகள் வளர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிங்க. இவை சிகிச்சை தருபவரை உருவாக்கத் தொடங்கிய துறைகள் அல்ல. வரலாறு, பொருளாதாரம் மாதிரி இதுவும் ஒரு கல்லூரிப் பாடம். அவ்வளவுதான்.

அந்தக் கல்கத்தா துறையில் சேர்ந்து படித்தவர்களில் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ். எங்களை மாதிரி மருத்துவம் படித்து, டாக்டரான பிறகு உளவியல் படித்தவர். 1922ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கையில் ஏற்கனவே மருத்துவப் பட்டம் இருந்தது. வெறும் உளவியல் பட்டம் வாங்கியவருக்கு மருத்துவமனைக்குள் என்ன இடம்? அந்தக் கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை.

1946ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. அன்றைய இந்தியாவில் 19 மனநல மருத்துவமனைகள், சுமார் 10,000 படுக்கைகள். அதாவது 40,000 பேருக்கு ஒரு படுக்கை! ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றது கமிட்டி. அதன் பலனாக 1954ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. 1974ல் அதுதான் நிம்ஹான்ஸ் ஆனது.

1955ல் அங்கே மருத்துவ உளவியலில் இரண்டு வருட டிப்ளமோ தொடங்கியது. முதுகலை முடித்தவர்களுக்கான படிப்பு. வார்டில் நோயாளியோடு உட்கார்ந்து பழகும் பயிற்சி இங்கேதான் வந்தது. பிறகு இதுவே கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில் ஆனது.

1992ல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் (ஆர்சிஐ) வந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அங்கே பதிவு கட்டாயம். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்திலும் முதுகலைக்கு மேல் அந்த இரண்டு வருட எம்.ஃபில் ஒரு தகுதியாக இருக்கிறது. 1955ல் போட்ட ஏணி 2017 சட்டத்திலும் அப்படியே நிற்கிறது.

கூட்டிப் பாருங்க. 3+2+2 = 7 வருசம். எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போட ஐந்தரை வருசம். சிஸ்டர் பொண்ணு என்னை விட அதிக காலம் படிக்கணும். அந்த எம்.ஃபில் சீட்டும் கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வு வேற.

இப்ப காசுக் கணக்கு.

மூனு வருசத்துக்கு 6 லட்சம். ஹாஸ்டல் தனி. இதோட நிறுத்தினா கிடைக்கிறது ஹெச்.ஆர், என்ஜிஓ, ஸ்பெஷல் ஸ்கூல் உதவியாளர் வேலைகள். சம்பளம் மற்ற டிகிரிக்காரங்களுக்கு வர்றதுதான். மாசம் 5,000 ரூபாய் ஒதுக்கி அடைத்தால் அசலுக்கே 10 வருசம். வட்டி தனி. நகை அதுவரைக்கும் அடகுக் கடையில்.

அதே பி.எஸ்சி சென்னை மாநிலக் கல்லூரியில், கோவை அரசு கலைக் கல்லூரியில் இருக்கு. செலவு ஆயிரங்களில் முடியும். மிச்சமாகும் லட்சங்கள் அடுத்த நாலு வருசப் படிப்புக்கு. உண்மையான முதலீடு அங்கேதான்.

"அப்போ இந்தத் துறைக்குத் தேவையே இல்லையா டாக்டர்?"

இருக்கு. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. தற்கொலைக்கு முயன்று வரும் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றி வார்டுக்கு அனுப்புறேன். மறுநாள் அந்தப் பிள்ளையோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் வேணும். எனக்கு வெளியே 100 பேர் ஓபி நிக்குது.

ஆனால் தேவை வேற, போஸ்ட் வேற. 1996ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளருக்கு இடம் உண்டு. பல இடங்களில் அது கான்ட்ராக்ட், தொகுப்பூதியம். தேவை சம்பளமா மாறணும்னா அரசு நிரந்தரப் பணியிடம் உருவாக்கணும். இதை நாம கேட்கணும்.

இன்னொரு முக்கிய விஷயம். ஏணி இப்போ மாறிட்டு இருக்கு. 2020 கல்விக் கொள்கை எம்.ஃபில்லை நிறுத்தச் சொன்னது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 வரை அவகாசம் தந்தாங்க. 2024ல் ஆர்சிஐ நாலு வருட இளநிலை கிளினிக்கல் சைக்காலஜி படிப்பைக் கொண்டுவந்தது. 2025ல் தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி நடத்தக்கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. அதனால பணம் கட்டும் முன் இந்த மூன்றைக் கேளுங்க:

1. இது ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற படிப்பா, பொதுவான பி.எஸ்சியா?
2. முடித்தால் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்?
3. மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்?

மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

சிஸ்டர்கிட்ட இதைத்தான் சொன்னேன். "பொண்ணு ஆசைய தடுக்காதீங்க சிஸ்டர். அரசு கல்லூரிக்கு முதல்ல அப்ளை பண்ணுங்க. ஏழு வருசப் படிப்புன்னு அவகிட்டயும் சொல்லிடுங்க. அதைக் கேட்டும் வேணும்னா, கண்டிப்பா படிக்க வைங்க."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துட்டு, "அப்ப இது இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் சார்"னு சிரிச்சாங்க.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் பகிருங்கள். மனசு கஷ்டமா இருந்தா 14416, டெலிமானஸ். இலவசம், எந்நேரமும்.